அழுகைக்கு முன்னும் பின்னும்

இரண்டரை வயதுப் பிள்ளை தரையில் புரண்டு அழுது ஓய்ந்த பிறகு அம்மாவைக் கேட்டால், "அரை மணி நேரமா இதே கூத்துதான்" என்பார். கடிகாரம் வேறு கணக்குச் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் மைக்கேல் பொட்டேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் 2003இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான 335 குழந்தைகளின் பெற்றோர், பிள்ளை அடம்பிடித்த ஒரு தடவையை ஆரம்பம் முதல் முடிவு வரை எழுதிக் கொடுத்தார்கள். நான்கில் மூன்று அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. அதிகமாகக் காணப்பட்டவை அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்வரை நீடித்தவை. பிறகு பொட்டேகலும் ஜேம்ஸ் கிரீனும் குழந்தைகளின் உடுப்பில் சிறு ஒலிவாங்கியைத் தைத்து, வீட்டில் வழக்கம்போல் விளையாடவிட்டு, அடம் கிளம்பும்போதெல்லாம் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். கத்தலும் அலறலும் கூட்டாக முன்னால் வந்து, உச்சத்துக்கு ஏறி இறங்குகின்றன. சிணுங்கலும் விம்மலும் அடியில் கடைசிவரை ஓடுகின்றன. கோபம் உச்சியில் இருக்கும்போது "ஏன் அழற? என்ன வேணும்? வாயைத் திறந்து சொல்லு" என்று கேள்வி கேட்பது அடத்தை நீட்டவே செய்யும் என்பது பொட்டேகலின் கருத்து. கோபம் இறங்கி, துக்கம் மட்டும் மிஞ்சும்போது பிள்ளை தானே மடிதேடி வரும்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி யார் எழுதினாலும் பேசினாலும் கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? கடந்த நூறாண்டு ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் படிக்கும்போது, அந்த நேரத்தில் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம் என்றே எனக்குப் படுகிறது. சோதனைகளைத் தாங்கி நின்ற முடிவுகள் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தையும் பிந்தைய ஒரு நிமிடத்தையும் பற்றியவை.

அறிவுரைகள் எவ்வளவு தூரம் ஊசலாடியிருக்கின்றன என்பதற்கு ஜான் வாட்சன் ஒருவரே போதும். நடத்தைவாதத்தின் தந்தை எனப்படும் அவர் 1928இல் பெற்றோருக்காக ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகளைக் கட்டிக்கொள்ள வேண்டாம், மடியில் வைக்க வேண்டாம், முடியவே முடியாது என்றால் இரவு தூங்கப் போகும்போது நெற்றியில் ஒரு முத்தம், காலையில் கைகுலுக்கல், அவ்வளவு போதும் என்றார். அமெரிக்காவில் நிறையத் தாய்மார்கள் அதை நம்பி நடந்தார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள், தாயின் நெருக்கம்தான் குழந்தையின் மன ஆரோக்கியத்துக்கு அடித்தளம் என்று மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுத, காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியது. வாட்சன் அதைச் சொன்னபோது அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. உறுதி மட்டும் இருந்தது. இன்றைக்கு யூடியூபில் பெற்றோருக்கு வகுப்பெடுப்பவர்களில் பலரிடமும் இருப்பது அதேதான்.

வாட்சன் புத்தகம் வந்த மூன்றே ஆண்டுகளில், மின்னசோட்டாவில் ஃப்ளாரன்ஸ் குட்இனஃப் எந்த ஆரவாரமும் இல்லாமல் ஒரு நல்ல வேலை செய்தார். தாய்மார்களிடம் நாட்குறிப்பைக் கொடுத்து, பிள்ளை கோபப்படும் ஒவ்வொரு தடவையும் நேரம், காரணம், எவ்வளவு நேரம் நீடித்தது, வீட்டார் என்ன செய்தார்கள் என்று குறிக்கச் சொன்னார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபங்கள் பதிவாயின. 1931இல் வந்த அந்த நூலில் எனக்கு முக்கியமாகப் படுவது நேரக் கணக்கு. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னாலும், தூக்கம் சொக்கும் வேளையிலும் கோபம் குவிந்தது. சளி பிடித்திருந்த நாட்களில் கூடியது. இரண்டாவது வயதில் உச்சம் தொட்டு, அதன்பின் இறங்கியது. கல்யாண மண்டபத்தில் மதியம் இரண்டு மணிவரை பந்திக்குக் காத்திருந்த பிள்ளை, பட்டுப்பாவாடை உறுத்த, போட்டோவுக்குச் சிரிக்க மறுத்து வீறிடும்போது "யாரு மாதிரி இந்தப் பிடிவாதம்?" என்று இரு வீட்டாரும் மாறி மாறிக் கேட்டுக்கொள்வதை நாம் பார்க்கிறோம். பரம்பரையைத் தோண்டுவதற்கு முன்னால் பசியையும் தூக்கத்தையும் கவனித்தால் தேவலை. இது பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மண்டபத்துக்குக் கிளம்புமுன் இரண்டு இட்லியை ஊட்டிக் கூட்டிப்போவார்கள்.

பரம்பரைப் பேச்சை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், கைக்குழந்தைப் பருவத்திலேயே பிள்ளைகளின் சுபாவம் வேறுபடுவதைக் கண்டார்கள். சுமார் 40 சதவீதம் எளிதில் ஒத்துப்போகும் குழந்தைகள். 10 சதவீதம் நேரம் தவறித் தூங்கி, புதியதைக் கண்டால் ஒதுங்கி, எதற்கும் உரக்கக் கத்தும் குழந்தைகள். 15 சதவீதம் தயங்கித் தயங்கிப் பழகும் ரகம். மீதிப் பேர் எந்த வகையிலும் சரியாக அடங்கவில்லை. அவர்களின் முடிவு சுபாவத்தோடு நிற்கவில்லை. பிள்ளையின் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்துகின்றனவா என்பதுதான் பிற்காலப் பிரச்சினைகளைத் தீர்மானித்தது. தயங்கிப் பழகும் பிள்ளையை, வந்த விருந்தாளியிடமெல்லாம் "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று தள்ளுகிற வீட்டில் உரசல் வரும். அதே பிள்ளை, யாரும் கண்டுகொள்ளாத வீட்டில் பத்து நிமிடம் கழித்துத் தானாக வந்து பக்கத்தில் உட்காரும்.

பெற்றோர் பிள்ளையை உருவாக்குகிறார்களா, பிள்ளை பெற்றோரை உருவாக்குகிறதா என்ற கேள்வியை 1968இல் ரிச்சர்ட் பெல் எழுப்பினார். அதுவரை, கண்டிப்பான தாய்க்கு முரட்டுப் பிள்ளை இருந்தால் கண்டிப்பு முரட்டுத்தனத்தை உண்டாக்கியது என்று எழுதிவிட்டுப் போனார்கள். 1986இல் கனடாவில் ஆண்டர்சன், லிட்டன், ராம்னி மூவரும் செய்த பரிசோதனை எளிமையானது. நடத்தைக் கோளாறுள்ள சிறுவர்களின் தாய்மாரையும் மற்றச் சிறுவர்களின் தாய்மாரையும் அழைத்து, பிள்ளைகளை மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். அடங்காத சிறுவனோடு உட்கார்ந்ததும் எந்தத் தாயின் குரலிலும் கடுமையும் அதட்டலும் ஏறின. அவனுடைய சொந்தத் தாய் மற்றவர்களைவிட மோசமாக நடந்துகொள்ளவில்லை. "நீ வளர்த்த லட்சணம்" என்று மருமகளைக் குத்திக்காட்டும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முடிவு இது.

பின்னே யார் பொறுப்பு? இதற்கு எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த விடையைக் கொடுத்தவர் ஆரிகன் மாநிலத்து ஜெரால்ட் பேட்டர்சன். அவரும் உடன் பணியாற்றியவர்களும் வீடுகளுக்கே போய், மூலையில் உட்கார்ந்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை யார் யாரிடம் என்ன செய்தார்கள் என்று குறித்தார்கள். அவர்கள் கண்டதை நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டின் பில் கவுண்டரிலும் காணலாம். மூன்று வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில் கிண்டர் ஜாய் அடுக்கி வைத்திருக்கிறது.

"அம்மா, அது."

"வேணாம்டா தங்கம். நேத்துதான் வாங்கினோம்."

"அது வேணும்."

"வேணாம்னா வேணாம். அப்பா வரட்டும், சொல்றேன்."

பிள்ளை தரையில் உட்கார்கிறது. குரல் ஏறுகிறது. பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பெரியவர் "அட, வாங்கிக் குடுத்துரும்மா" என்கிறார். அம்மா அதை எடுத்து பில்லில் போடுகிறார். அழுகை சட்டென்று நிற்கிறது.

அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டது எல்லாருக்கும் தெரிகிறது. பேட்டர்சன் கவனித்தது மறுபக்கத்தை. கொடுத்தவுடன் சத்தம் நின்றது; அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. அந்த நிம்மதி அம்மாவுக்கும் ஒரு பாடம் கற்பித்துவிட்டது: அடுத்த முறை கை இன்னும் சீக்கிரம் நீளும். இதே பொறி தலைகீழாகவும் வேலை செய்யும். அப்பா ஒரு அதட்டல் போட்டதும் பிள்ளை கப்சிப் ஆகிறது. அதட்டினால் நடக்கும் என்று அப்பா கற்றுக்கொள்கிறார். ஒரு மாதத்தில் அந்த அளவு அதட்டலுக்குப் பிள்ளை பழகிவிட, குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் படிப்படியாக ஏற்றிவிடுவதை 1982இல் வந்த தன் நூலில் பேட்டர்சன் விரிவாக எழுதினார். இதில் கெட்டவர் யாரும் இல்லை. களைத்தவர்கள் இருக்கிறார்கள்.

நாலு முறை மறுத்து ஐந்தாவது முறை கொடுப்பது, முதல் முறையே கொடுப்பதைவிட மோசம். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம்தான் அழிய மறுக்கும் என்பது நடத்தைவாத உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான ஒன்று. 1959இல் சி. டி. வில்லியம்ஸ் எழுதிய ஒரே பக்கக் குறிப்பு ஒன்று உண்டு. பிறந்து ஒன்றரை ஆண்டு நோய்வாய்ப்பட்டு, அதனால் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கப்பட்ட ஒரு குழந்தை, குணமான பிறகும் இரவில் யாராவது பக்கத்தில் இருந்தால்தான் தூங்கும், எழுந்துபோனால் வீறிடும். உடம்பில் குறையில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பின், படுக்க வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வருவது என்று வீட்டில் முடிவானது. முதல் இரவு 45 நிமிடம் அழுதது. பத்தாவது முறைக்குள் சிணுங்கல்கூட இல்லை. சில நாள் கழித்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதில் பங்கெடுத்த ஓர் உறவுக்காரப் பெண் படுக்க வைத்தபோது அது லேசாக அழ, மனம் கேட்காமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், பழைய அழுகை முழு வேகத்தில் திரும்பியது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு குழந்தையின் கதை இது. 45 நிமிடம் அழவிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அத்தை என்று ஐந்து பேர் ஐந்து சட்டம் வைத்திருக்கும் நம் வீடுகளில் எது சிக்கல் என்பதை இந்த ஒரு பக்கம் காட்டிவிடுகிறது. தாத்தா ரகசியமாக மிட்டாய் கொடுப்பதில் தப்பே இல்லை. அழுத பிறகு கொடுப்பதில்தான் வினை.

நிறைவேறாத மிரட்டல்களையும் இங்கேயே சேர்க்க வேண்டும். பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர் என்று நம்மிடம் ஒரு படையே இருக்கிறது. மூன்று வயதில் பயம் தருகிற இவர்கள், ஐந்து வயதில் அம்மா சும்மா சொல்வாள் என்ற அறிவைத் தருகிறார்கள். நடுவில் நிஜமாகவே காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் படும் பாடு தனி. இப்போது பூச்சாண்டியின் வேலையைச் செல்போன் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஜெனி ரடெஸ்கி குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை அமைதிப்படுத்த அடிக்கடி கைபேசி கொடுத்த வீடுகளில், சில மாதங்களில் பிள்ளைகளின் உணர்ச்சிக் கொந்தளிப்பு கூடியிருந்தது. ஆண்பிள்ளைகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது. ரயில் பயணத்தில் ஒரு நாள் கொடுத்தால் குடி முழுகாது. அழுகையை நிறுத்தும் கருவியாக அது நிலைத்துவிடுவதுதான் கவலை.

மறுப்பதைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பேட்டர்சனின் வழிவந்த பயிற்சிகள் மறுப்பிலிருந்து தொடங்குவதில்லை. ஷீலா ஐபெர்க் 1970களில் வடிவமைத்த முறையில், தாயின் காதில் ஒரு சிறு கருவி. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பயிற்சியாளர் மெல்லச் சொல்லிக்கொடுப்பார். முதல் கட்டம் முழுவதும் விளையாட்டுத்தான். பிள்ளை எதை வைத்து விளையாடுகிறதோ அதையே தாயும் தொடர வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. "சிவப்பு வண்டியை மேலே வைக்கிற", "உடையாம மெதுவா வச்ச, அருமை" என்று நடப்பதைச் சொல்லலாம். வீட்டில் தினம் ஐந்து நிமிடம். படிக்கும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். செய்து பார்த்தால்தான், கேள்வியும் கட்டளையும் இல்லாமல் பிள்ளையிடம் பேச நமக்குத் தெரியாது என்பது விளங்கும். "இது என்ன கலர்? சொல்லு, சொல்லு" என்று ஒரு நிமிடத்துக்குள் பரீட்சை வைக்க ஆரம்பித்துவிடுவோம். அடங்காத சிறுபிள்ளைகளுக்கான சிகிச்சைகளில் ஆதாரம் மிக வலுவாக உள்ளவற்றுள் இந்த முறையும் ஒன்று. பிள்ளைக்குக் கவனம் வேண்டும். நல்லபடி இருக்கும்போது கிடைக்காவிட்டால், கெட்டபடி இருந்து அதை வாங்கிக்கொள்ளும். ஒருவன் தங்கையோடு சண்டை போடாமல் இருபது நிமிடம் விளையாடும்போது "அப்பாடா" என்று நாம் சமையலறைக்குப் போகிறோம். கிள்ளியவுடன் ஓடி வருகிறோம்.

இனி அடி. "அடியாத மாடு படியாது" என்று சொல்லி வளர்ந்த சமூகத்தில் இதை மேலோட்டமாகக் கடந்துபோக முடியாது. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கேலரும் 2016இல், ஐம்பதாண்டுக் காலத்து 75 ஆய்வுகளை, 1,60,927 குழந்தைகளின் விவரங்களோடு தொகுத்தார்கள். காயம் உண்டாக்கும் அடியை ஒதுக்கிவிட்டு, திறந்த கையால் அடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆராய்ந்த 17 விளைவுகளில் 13இல் தெளிவான தொடர்பு தெரிந்தது. பதின்மூன்றும் கெடுதலின் பக்கம். ராபர்ட் லார்ஜிலேர் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. அடங்காத பிள்ளைதான் அதிகம் அடிவாங்கும், ஆகவே அடியையும் அடங்காமையையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு எது எதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது என்பது அவர்களின் வாதம். பிள்ளைகளை மாற்றி உட்காரவைத்த பரிசோதனையை நினைத்தால், அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் ஆரம்ப நடத்தையைக் கணக்கில் கொண்டு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலும் அடி நன்மை செய்ததாக வரவில்லை. கெர்ஷாஃப் 2002இல் செய்த முந்தைய தொகுப்பில் அடியின் சார்பாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று: அடித்த அந்த நேரத்தில் பிள்ளை சொன்னதைக் கேட்டது. பேட்டர்சன் சொன்ன பொறி இதுதான். அந்த நேரத்துப் பலன்தான் அடித்தவரை மறுபடி அடிக்க வைக்கிறது.

எங்கள் ஊரில் எல்லாரும்தான் அடி வாங்கினோம், என்ன கெட்டுப்போனோம் என்பார்கள். இதையும் சோதித்திருக்கிறார்கள். ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டும் மற்றவர்களும் 2005இல் இந்தியா, சீனா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாட்டுத் தாய்-பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். அடி சகஜம் என்று கருதப்படும் இடங்களில் அதன் பாதிப்பு குறைவாகவே இருந்தது. குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. அதிகம் அடிவாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் அங்கேயும் கூடியிருந்தன. இந்தியாவில் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களின் 12,447 குழந்தைகள் பங்கேற்றார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. மூன்றில் இரண்டு பேர் உடல்ரீதியான துன்புறுத்தலைச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடித்தவர்களில் பெரும்பாலோர் பெற்றோரே. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆவது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத்துன்பம் தருவதையும் தடை செய்கிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கான வழிகாட்டு நெறிகளைச் செயல்படுத்துமாறு தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. வீட்டுக்குள் இப்படி வெளிப்படையான தடை இல்லை. 1979இல் முதன்முதலாக அதைக் கொண்டுவந்த ஸ்வீடன், சட்டத்தை இயற்றியதோடு நிற்காமல், வீடுதோறும் காலையில் மேசைக்கு வரும் பால் அட்டைப்பெட்டிகளிலேயே அதை அச்சிட்டு அனுப்பியது. இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தடை உண்டு. தெற்காசியாவில் முதலில் செய்தது நேபாளம், 2018இல்.

அடியைப் பற்றி என்னை அதிகம் யோசிக்க வைத்த ஆய்வு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. விக்டோரியா தல்வாரும் காங் லீயும் அங்கே இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் பென்சில் மறந்தாலும் கம்பு, கிள்ளு, அறை. மற்றதில் அடி கிடையாது, கண்டிப்பான பேச்சு போன்றவைதான். பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, பின்னால் ஒரு பொம்மையை வைத்து, சத்தத்தைக் கேட்டு என்ன பொம்மை என்று சொல்லச் சொன்னார்கள். கடைசிப் பொம்மைக்குப் பொருந்தாத சத்தத்தை ஒலிக்கவிட்டு, "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லி வெளியே போனார்கள். இரு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "பார்த்தாயா?" என்று கேட்டபோது, அடியில்லாத பள்ளியில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பொய் சொன்னார்கள், அடிக்கிற பள்ளியில் ஏறக்குறைய எல்லோரும். அதோடு நிற்கவில்லை. "அப்படியென்றால் என்ன பொம்மையாக இருக்கும்?" என்ற அடுத்த கேள்வியில், அடிவாங்கும் பள்ளியின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் தெரிந்ததை மறைத்து, தெரியாத மாதிரி நடிப்பதிலும் தேர்ந்திருந்தார்கள். அடி ஒழுக்கத்தைக் கற்பித்ததோ இல்லையோ, மறைப்பதை நன்றாகவே கற்பித்திருந்தது.

இதே ஆய்வாளர்கள் 2014இல் கதைகளையும் சோதித்தார்கள். நம்மிடம் "புலி வருது" என்று வழங்கும் கதையின் ஓநாய் வடிவத்தைச் சொன்னால் பிள்ளைகளின் பொய் குறையவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற சிறுவன் வாஷிங்டன் கதையைச் சொன்னபோது குறைந்தது. பொய் சொன்னால் புலி தின்னும் என்பதைவிட, உண்மை சொன்னால் அப்பா ஏற்றுக்கொள்வார் என்பது வேலை செய்கிறது.

பரிசுகளைப் பற்றிய ஆய்வுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. 1973இல் லெப்பர், க்ரீன், நிஸ்பெட் மூவரும், ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாய்ப் படம் வரையும் பாலர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் தங்க முத்திரை போட்ட சான்றிதழ் தருவதாகச் சொல்லி, அதன்படி கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து அந்தப் பிள்ளைகள் தாமாகப் பேனாவைத் தொட்ட நேரம் பாதியாகியிருந்தது. வர்னெகனும் தோமசெல்லோவும் 2008இல் இருபது மாதக் குழந்தைகளிடமும் இதையே கண்டார்கள்: கீழே விழுந்ததை எடுத்துக் கொடுத்ததற்குப் பொருள் பரிசு பெற்றவர்கள் பிறகு உதவுவது குறைந்தது, பாராட்டு மட்டும் பெற்றவர்களிடம் அது குறையவில்லை. வேறு ஆய்வாளர்கள் இதை மறுத்து எழுதியிருக்கிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. பிள்ளை ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்கு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், அறவே செய்ய மறுக்கும் ஒன்றைத் தொடங்கிவைக்கக் கொஞ்ச நாளைக்கு ஒட்டலாம் என்ற அளவுக்குத்தான் எனக்கு நம்பிக்கை.

மார்ஷ்மெல்லோ சோதனையின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஸ்டான்ஃபோர்டின் பாலர் பள்ளியில் வால்டர் மிஷெல் செய்தது: ஒரு மிட்டாயை உண்ணாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்து அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்று 1990இல் வந்த தொடர் ஆய்வு சொல்ல, உலகமெங்கும் தன்முனைப்புப் பேச்சாளர்களுக்குத் தீனி கிடைத்தது. 2018இல் வாட்ஸ், டங்கன், குவான் ஆகியோர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு மறுபடி பார்த்தபோது தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்தது. இடையில் 2013இல் ரோசெஸ்டரில் செலஸ்ட் கிட் செய்தது எனக்குப் பிடித்தது. முதலில் பிள்ளைகளுக்குப் பழைய, தேய்ந்த க்ரேயானைக் கொடுத்து, கொஞ்சம் பொறுத்தால் புதியது கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் "மன்னிச்சுக்கோ, இல்லை" என்றார்கள். பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். பிள்ளையின் மனவுறுதி என்று நாம் அளந்ததில் எவ்வளவு பங்கு பெரியவர்களின் வாக்கு நாணயம் என்று இது கேட்க வைக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போலாம்" என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடும் வீட்டில், கையில் இருப்பதை உடனே தின்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

டயானா பாம்ரின்ட் 1960களில் பெர்க்லியில் வகுத்த வளர்ப்புப் பாணிகளைச் சுருக்கமாகக் கடக்கிறேன். அன்பும் கண்டிப்பும் சேர்ந்திருந்தால் நல்லது என்பதில் சண்டையில்லை. சிக்கல், அன்பை எப்படி அளப்பது என்பதில். கட்டியணைத்தீர்களா, புகழ்ந்தீர்களா என்று கேட்கும் வினாத்தாள், அமெரிக்க நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குப் பொருந்தும். மார்கரெட் ட்ராவிக் தமிழ்க் குடும்பமொன்றோடு வாழ்ந்து எழுதி 1990இல் வெளிவந்த நூல், கண்ணேறுக்கு அஞ்சி அன்பை ஒளித்து வைப்பதும், பாசமுள்ள பிள்ளையிடமே கடுமை காட்டுவதும் இங்கே அன்பின் இலக்கணமாக இருப்பதை விவரிக்கிறது. அந்த வினாத்தாளில் இந்தத் தாய் பெயிலாவார். இதைச் சொல்வது கடுமைக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. ஒளித்து வைத்த அன்பு பிள்ளையின் கண்ணுக்கும் தெரிகிறதா என்பது வேறு கேள்வி.

அது தெரிந்தாக வேண்டிய கட்டாயத்தை வடகிழக்கு இலங்கை காட்டுகிறது. க்ளாடியா கதானி குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் 296 பேரில் ஏறத்தாழ அனைவருமே குடும்பத்துக்குள் ஏதோ ஒரு வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். போரை எவ்வளவு அருகில் பார்த்தார்கள், தகப்பன் எவ்வளவு குடித்தார் என்ற இரண்டும் வீட்டு வன்முறையோடு சேர்ந்தே ஏறின. அதே வழியில் 2015இல் ஸ்ரீஸ்கந்தராஜா, நொய்னர், கதானி செய்த ஆய்வில், பெற்றோர் தம்மைப் பரிவோடு பார்த்துக்கொள்வதாக உணர்ந்த பிள்ளைகளிடம், போர், சுனாமி அனுபவங்களுக்கும் உள்ளுக்குள் அடங்கும் மனச்சிக்கல்களுக்கும் இடையிலான தொடர்பு மங்கியிருந்தது. ஆனால் போரும் குடியும் புகுந்த வீட்டில் போய் "பொறுமையாக இருங்கள்" என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பதில் பயனில்லை. குடிப்பழக்கத்துக்கும் போருக்குப் பிந்தைய மனக்காயத்துக்கும் சிகிச்சை, வேலை, இருக்க இடம் ஆகியவையே அங்கே பிள்ளை வளர்ப்பு ஆலோசனையின் முதல் பக்கம்.

பதின்பருவம் வந்ததும் கேள்வி மாறுகிறது. மகன் எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான்? பெற்றோர் நன்றாகக் கண்காணிக்கும் பிள்ளைகள் தவறான வழிக்குக் குறைவாகப் போகிறார்கள் என்று பல ஆண்டுகளாக ஆய்வுகள் சொல்லிவந்தன. ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000ஆம் ஆண்டில், அந்த ஆய்வுகள் 'கண்காணிப்பு' என்று உண்மையில் எதை அளந்தன என்று திருப்பிப் பார்த்தார்கள். பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்கு எவ்வளவு தெரியும் என்பதைத்தான் அளந்திருந்தார்கள். அந்தத் தகவல் எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தபோது, விசாரணையால் வந்ததும் கட்டுப்பாட்டால் வந்ததும் குறைவு. பெரும்பகுதி பிள்ளையே வந்து சொன்னது. தானாகச் சொல்லும் பிள்ளைகளிடம்தான் சிக்கல்களும் குறைவாக இருந்தன. சிக்கலில் இல்லாததால்தான் சொல்கிறார்கள் என்றும் வாதிடலாம், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். பின்னாளில் அதே ஆய்வாளர்கள், பெற்றோரின் எதிர்வினை மோசமாக அமைந்த வீடுகளில் பிள்ளைகள் சொல்வதைக் குறைத்துக்கொண்டதையும் பதிவு செய்தார்கள். பைக்கில் மூன்று பேராகப் போனதை ஒன்பதாம் வகுப்புப் பையன் சாப்பாட்டு மேசையில் வாய்தவறிச் சொல்லிவிட்டால், அடுத்து வரும் அரை நிமிடத்தில் அப்பாவின் முகம் எப்படிப் போகிறது என்பதை அவன் தட்டிலிருந்து நிமிராமலே கவனித்துக்கொண்டிருப்பான். அடுத்த முறை நாலாவது ஆள் ஏறினான் என்பது வீட்டுக்கு வருமா வராதா என்பது அங்கே முடிவாகிறது.